ஒரே பெஞ்ச், மூன்று ஒப்பந்தம்: ஜி லீக் வீரரின் பிழைப்பு

2024 நவம்பரில், என்பிஏ என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கின் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸின் மகன் பிரானி ஜேம்ஸ், அதற்குக் கீழே உள்ள ஜி லீக்கில் சவுத் பே லேக்கர்ஸ் என்ற அணிக்காக ஆட இறங்கினார். உடனே இணையத்தில் பலர் "என்பிஏவிலிருந்து தூக்கிவிட்டார்கள்" என்று எழுதினார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் என்ற என்பிஏ அணியோடு அவர் போட்ட ஒப்பந்தம் அப்படியே இருந்தது. அந்த ஆண்டுக்கு அவருடைய சம்பளம் 11 லட்சத்து 57 ஆயிரம் டாலர். அதில் ஒரு டாலர்கூடக் குறையவில்லை. ஆனால் சவுத் பே பெஞ்சில் அவரோடு உட்கார்ந்திருந்த சிலருக்கு அந்த சீசன் முழுவதற்கும் சேர்த்துச் சம்பளம் 43,000 டாலர்.

இந்த இரண்டு பேரையும் நாம் "ஜி லீக் வீரர்" என்றே சொல்கிறோம். குழப்பம் தொடங்குவது அங்கேதான். ஜி லீக்கில் ஒருவர் யார், அவருடைய நாளைய நிலை என்ன என்பதெல்லாம் அவர் எந்த அணியின் ஜெர்சியைப் போட்டிருக்கிறார் என்பதைப் பொறுத்ததல்ல. எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்பதைப் பொறுத்தது. அந்தத் தாள்களைப் புரிந்துகொண்டால் இந்தப் பிழைப்பு முழுவதும் புரிந்துவிடும்.

இது என்ன லீக்?

அமெரிக்காவின் முதன்மைக் கூடைப்பந்து லீக் என்பிஏ. அதில் 30 அணிகள். ஓர் அணியின் முழு ஒப்பந்தப் பட்டியலில் 15 பேர் இருக்கலாம். ஆக மொத்தம் 450 நாற்காலிகள். உலகம் முழுவதும் கூடைப்பந்தைத் தொழிலாக ஆடும் ஆயிரக்கணக்கானவர்கள் குறிவைப்பது இந்த 450 நாற்காலிகளைத்தான்.

அந்த நாற்காலிகளுக்கு அடுத்த அறைதான் ஜி லீக். 2001இல் அமெரிக்காவின் தென்கிழக்கு ஊர்களில் 8 அணிகளோடு என்பிஏவே இதைத் தொடங்கியது. முதல் சில ஆண்டுகள் பெயர் என்பிடிஎல். 2005இல் டி லீக் ஆனது, அதாவது வளர்ச்சி லீக். 2017இல் கேட்டரேட் என்ற பான நிறுவனம் விளம்பரதாரராக வந்ததும் "டி" போய் "ஜி" வந்தது. 2024-25 சீசனில் 31 அணிகள் இருந்தன. முப்பது என்பிஏ அணிகளுக்கும் ஆளுக்கொன்று, அப்புறம் யாரோடும் சேராத மெக்சிகோ சிட்டி கேபிடானெஸ்.

என்பிஏ அணியைத் தாய் அணி என்றும் ஜி லீக்கில் அதற்கு உள்ளதைத் துணை அணி என்றும் சொல்லலாம். லேக்கர்ஸுக்கு சவுத் பே, சான் அந்தோனியோவுக்கு ஆஸ்டின், டொராண்டோவுக்கு மிசிசாகாவில் உள்ள ராப்டர்ஸ் 905. ஒரே பயிற்சி முறை, பெரும்பாலும் ஒரே ஆட்டத் திட்டம். இதைப் பார்த்துத்தான் "துணை அணியில் ஆடுபவர்கள் எல்லாம் தாய் அணியின் ஆட்கள்" என்ற எண்ணம் வருகிறது. அது பாதிகூட உண்மையில்லை.

கல்யாணச் சமையல் கணக்கு

ஒரு பெரிய கல்யாணச் சமையல் காண்டிராக்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் மாதச் சம்பளத்துக்கு நிரந்தரமாகப் பதினைந்து பேர் இருக்கிறார்கள். அதில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனுக்குக் கை இன்னும் பழகவில்லை. அவனைக் கொஞ்ச நாள் தன்னுடைய சின்ன மெஸ்ஸுக்கு அனுப்பி வேலை பழகச் சொல்கிறார். மாதச் சம்பளம் அப்படியே வருகிறது. அரசு அலுவலகத்தில் டெபுடேஷன் என்பார்களே, அதேதான்.

அதே மெஸ்ஸில் இன்னொருவர் இருக்கிறார். அவர் நிரந்தர ஆள் இல்லை, ஆனால் காண்டிராக்டரிடம் அட்வான்ஸ் வாங்கியவர். சில முகூர்த்தங்களுக்குப் பெரிய மண்டபத்துக்குப் போவார், மற்ற நாட்களில் மெஸ்ஸில் வேலை. அட்வான்ஸ் வாங்கிவிட்டதால் வேறு காண்டிராக்டர் கூப்பிட்டால் போக முடியாது.

மூன்றாவது ஆள், மெஸ்ஸில் கூலிக்கு வேலை செய்பவர். கூலி குறைவு. ஆனால் ஊரில் எந்தக் காண்டிராக்டருக்கு ஆள் குறைந்தாலும், இன்று மாலையே அவரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். மெஸ்காரர் தடுக்க முடியாது.

மூன்று பேரும் ஒரே அடுப்படியில் நின்று ஒரே சாம்பாரைத்தான் கிண்டுகிறார்கள். ஜி லீக் அணியின் உடைமாற்றும் அறையும் இப்படித்தான்.

மூன்று தாள்கள்

முதல் ஆள், டெபுடேஷன்காரர். இவர் முழு என்பிஏ ஒப்பந்தம் உள்ளவர். பயிற்சிக்காகவோ, காயத்துக்குப் பிறகு உடம்பைத் தயார்படுத்தவோ துணை அணிக்கு வருகிறார். இதைப் பணியனுப்புதல் என்று வைத்துக்கொள்வோம். பிரானி ஜேம்ஸ் இந்த வகை. 2016இல் புது வீரர்கள் தேர்வின் முதல் சுற்றில் டொராண்டோ எடுத்த பாஸ்கல் சியாக்கமும் இதே வகைதான். 2017இல் ராப்டர்ஸ் 905 இந்த லீக்கின் பட்டத்தை வென்றபோது இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் அவர். இரண்டே ஆண்டில், 2019இல், டொராண்டோவோடு என்பிஏ பட்டம். "ஜி லீக்கிலிருந்து ஏறி வந்தவர்" என்று அவரைச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. அவருடைய நாற்காலி முதலிலேயே போடப்பட்டிருந்தது. உட்காரப் பழகத்தான் மிசிசாகாவுக்குப் போனார்.

இரண்டாவது, அட்வான்ஸ் வாங்கியவர். இதற்குப் பெயர் டூ-வே ஒப்பந்தம், இருவழி ஒப்பந்தம். 2017-18இல் ஓர் அணிக்கு இரண்டு என்று தொடங்கி, 2023-24 முதல் மூன்று ஆனது. முழு ஒப்பந்தக்காரர்கள் 15 பேருக்கு வெளியே உள்ள இடங்கள் இவை. சம்பளம், என்பிஏவில் புதுமுகத்துக்குக் கொடுக்கும் குறைந்தபட்சச் சம்பளத்தில் சரிபாதி. 2024-25இல் அது சுமார் 5 லட்சத்து 78 ஆயிரம் டாலர். தாய் அணியோடு அதிகபட்சம் 50 ஆட்டங்களுக்கு அவரைப் பட்டியலில் சேர்க்கலாம். சீசன் முடிந்து பிளே-ஆஃப் சுற்று வந்தால் அவர் ஆட முடியாது, அதற்குள் அணி அவருடைய தாளை முழு ஒப்பந்தமாக மாற்றினாலொழிய. மற்ற 29 அணிகள் அவரைத் தொட முடியாது.

மூன்றாவது, கூலிக்காரர். இவருடைய ஒப்பந்தம் ஜி லீக்கோடுதான், எந்த என்பிஏ அணியோடும் இல்லை. 2024-25இல் சீசனுக்கு 43,000 டாலர். அன்றைய மாற்று விலையில் ஏறக்குறைய 36 லட்சம் ரூபாய். தங்க இடமும் மருத்துவக் காப்பீடும் கிடைக்கும். இந்தத் தொகையே அண்மையில்தான் இவ்வளவு ஆனது. 2017-18இல் கீழ்நிலைச் சம்பளம் 19,000 டாலர், மேல்நிலை 26,000. அமெரிக்காவில் ஒரு குடும்பத்தை நடத்த அது போதாது. பலர் கோடையில் போர்ட்டோ ரிக்கோவுக்கோ பிலிப்பைன்ஸுக்கோ போய் ஆடித்தான் வருஷத்தை ஓட்டினார்கள்.

சரி, இதுவரை பார்த்தது: ஒரே அணியில் மூன்று வகை ஆட்கள். முதலாமவர் தாய் அணியின் நிரந்தர ஆள். இரண்டாமவர் தாய் அணிக்குக் கட்டுப்பட்ட அரைச் சம்பள ஆள். மூன்றாமவர் எந்த என்பிஏ அணிக்கும் கட்டுப்படாதவர்.

யாருடைய ஆள்?

நிறையப் பேர் தடுமாறுவது இந்த மூன்றாமவர் விஷயத்தில்தான். அமெரிக்க பேஸ்பால் பழக்கம் இதற்கு ஒரு காரணம். அங்கே கீழ் லீக்கில் ஆடுபவர்கள் பொதுவாக மேலே உள்ள அணியின் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். வேறு அணி நினைத்தபோது தூக்கிக்கொண்டு போக முடியாது. கூடைப்பந்தில் அப்படியில்லை. சவுத் பேயில் ஜி லீக் சம்பளத்துக்கு ஆடும் ஒருவரை பாஸ்டனோ மயாமியோ இன்றிரவு அழைக்கலாம். லேக்கர்ஸ் அவருக்கு இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்திருந்தாலும், தன் பட்டியலில் இடம் கொடுக்காதவரை, தடுக்கும் உரிமை அதற்கில்லை. இப்படி மேலே எடுத்துக்கொள்வதற்குத்தான் அழைப்பு என்று பெயர். 2001இல் இந்த லீக்கிலிருந்து முதன்முதலாக அழைக்கப்பட்டவர் கிறிஸ் ஆண்டர்சன். ஃபயட்வில் அணியிலிருந்து டென்வர் அவரை எடுத்தது.

துணை அணிக்கு வீரர்மேல் ஓர் உரிமை உண்டுதான். ஆனால் அது ஜி லீக்குக்கு உள்ளே மட்டும் செல்லும். அடுத்த ஆண்டும் அவர் ஜி லீக்கிலேயே ஆட வந்தால், அதே துணை அணிக்குத்தான் வர வேண்டும், அல்லது அந்த அணி அவரை வேறோர் அணிக்கு மாற்றிக்கொடுக்க வேண்டும். என்பிஏ அழைத்தால் அந்த உரிமை நிற்காது.

இதில் ஒரு வேடிக்கையான சங்கடம் இருக்கிறது. டூ-வே கிடைத்தவருக்கு, 2024-25 கணக்கில், பணம் பதின்மூன்று மடங்கு, ஆனால் ஒரே ஒரு வாசல்தான். அந்த அணியில் அவருடைய இடத்தில் நல்ல ஆள் இருந்து, காயமும் ஆகவில்லை என்றால் சீசன் முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான். கூலிக்காரருக்கு முப்பது வாசல், ஒன்றுக்கும் உத்தரவாதமில்லை. வயிற்றுப்பாட்டை நினைத்தால் யாரும் டூ-வேயைத்தான் எடுப்பார்கள், எடுக்கவும் வேண்டும்.

பத்து நாள்

என்பிஏ ஒப்பந்தங்களில் மனதைத் தொடுவது இதுதான். ஜனவரி 5க்குப் பிறகு, பட்டியலில் இடம் காலியாக உள்ள எந்த அணியும் ஒருவரைப் பத்து நாளுக்கு மட்டும் எடுக்கலாம். பத்து நாளில் மூன்று ஆட்டம்கூட வராவிட்டால், மூன்று ஆட்டம் முடியும்வரை அது நீளும். ஒரே அணி ஒரே சீசனில் ஒருவருக்கு இரண்டு முறைதான் இப்படிக் கொடுக்கலாம். அதற்குப் பிறகும் அவர் வேண்டுமென்றால் சீசன் முடியும்வரை ஒப்பந்தம் போட வேண்டும். இல்லையென்றால் கை குலுக்கி அனுப்ப வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 2024-25இல் புதுமுகத்தின் குறைந்தபட்சச் சம்பளம் 11,57,153 டாலர். அதை சீசனின் 174 நாட்களால் வகுத்துப் பத்தால் பெருக்கினால் 66,000 டாலருக்குச் சற்று மேல். அதாவது பத்து நாள் மேலே இருந்துவிட்டு வந்தால், ஜி லீக்கில் ஒரு முழு சீசன் ஆடிச் சம்பாதிப்பதைவிட ஒன்றரை மடங்கு கைக்கு வந்துவிடும். களத்தில் ஒரு நிமிடம்கூட இறங்காமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாலும் அந்தப் பணம் அவருடையது. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகுதான், இவர்கள் ஏன் இவ்வளவு நாள் பொறுத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது.

உள்ளே நுழையும் வழிகள்

ஒவ்வோர் ஆண்டும் டிராஃப்ட் என்ற தேர்வு நடக்கிறது. அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும். இரண்டு சுற்று, ஏறக்குறைய 60 பேர். அதில் பெயர் வராதவர்களில் நல்ல ஆட்டக்காரர்களை அணிகள் அக்டோபர் பயிற்சி முகாமுக்கு அழைக்கும். அப்போது போடுவது எக்ஸிபிட் 10 என்ற ஒப்பந்தம். உத்தரவாதம் இல்லாத ஓராண்டுத் தாள் அது. பெரும்பாலும் முகாம் முடியும்போது நீக்கிவிடுவார்கள். நீக்கிய பிறகு அவர் அந்த அணியின் துணை அணியில் 60 நாள் இருந்தால் ஒரு போனஸ் கிடைக்கும். 2023-24இல் அது 75,000 டாலர்வரை இருந்தது. வேறு நாட்டுக்குப் போய்விடாமல் பக்கத்திலேயே இருக்கச் செய்வதற்கான பணம் அது. செய்தியில் "கையெழுத்திட்டார், மறுநாளே நீக்கப்பட்டார்" என்று வந்தால் பரிதாபப்பட வேண்டாம். அநேகமாக இரு தரப்பும் பேசிவைத்துச் செய்ததுதான்.

இன்னொரு வழி உள்ளூர்த் தேர்வு முகாம். பணம் கட்டினால் யாரும் போகலாம். 2013இல் ஜோனதன் சிம்மன்ஸ் என்பவர் 150 டாலர் கட்டி, ஆஸ்டின் அணியின் முகாமுக்குப் போனார். தேர்வானார். இரண்டு சீசன் ஆஸ்டினில் ஆடி, 2015இல் சான் அந்தோனியோவின் என்பிஏ அணிக்குள் போனார். கூலிக்காரராக இருந்து நிரந்தர ஆளானவர் என்றால் இவரைச் சொல்லலாம்.

இந்தியர்களுக்கும் இந்த வாசல் பழக்கமானதுதான். பஞ்சாபைச் சேர்ந்த சத்னாம் சிங்கை 2015 டிராஃப்டில் 52ஆவதாக டல்லாஸ் எடுத்தது. இந்தியாவில் பிறந்தவர் ஒருவர் டிராஃப்டில் தேர்வானது அதுவே முதல் தடவை. அவர் ஆடியது துணை அணியான டெக்சஸ் லெஜண்ட்ஸில். என்பிஏ ஆட்டம் ஒன்றுகூட வாய்க்கவில்லை. டிராஃப்டில் பெயர் வருவதும் நாற்காலி கிடைப்பதும் ஒன்றல்ல. அதே 2015இல், கனடாவில் பிறந்த பஞ்சாபி வம்சாவளியான சிம் புல்லர், டிராஃப்டில் பெயரே வராதவர், ரீனோ அணியிலிருந்து சாக்ரமெண்டோவுக்குப் பத்து நாள் ஒப்பந்தத்தில் போய் மூன்று ஆட்டம் ஆடினார். இந்திய வம்சாவளியில் என்பிஏவில் ஆடிய முதல் வீரர் அவர்.

இந்தப் பகுதியின் சாரம்: டிராஃப்ட், எக்ஸிபிட் 10, உள்ளூர் முகாம் ஆகிய மூன்றும் ஜி லீக் வரை கொண்டுவந்து விடும் வழிகள். அங்கிருந்து மேலே போவது வேறு கணக்கு.

நிறையப் புள்ளி எடுத்தால் போதுமா?

"ஜி லீக்கில் ஆட்டத்துக்கு 25 புள்ளி எடுக்கிறாரே, ஏன் யாரும் எடுக்கவில்லை?" அடிக்கடி கேட்கும் கேள்வி. பதில், மேலே யாருக்கும் அந்த வேலைக்கு ஆள் தேவையில்லை. என்பிஏ அணியில் பந்தை எறியப் பெரிய சம்பளக்காரர்கள் இருக்கிறார்கள். அழைப்பு வருவது பெரும்பாலும் யாருக்காவது காயம் ஆகும்போது. அன்று அணிக்குத் தேவைப்படுவது ஒரு சின்ன வேலையைத் தவறாமல் செய்யும் ஆள். எதிரணியின் முக்கிய வீரரைப் பத்து நிமிடம் மறித்து நிறுத்த வேண்டும். அல்லது மூலையில் நின்று, பந்து வந்ததும் மூன்று புள்ளிக்கு எறிய வேண்டும். பந்தைத் தொலைக்கக் கூடாது.

இதை முன்கூட்டியே புரிந்துகொண்டவர்கள் பிழைத்தார்கள். அலெக்ஸ் கரூசோவை 2016 டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. ஓக்லஹோமா சிட்டியின் துணை அணியில் ஒரு சீசன் ஆடினார். 2017இல் லேக்கர்ஸின் டூ-வே கிடைத்தது. அவர் பெயர் வாங்கியது புள்ளிகளால் அல்ல, தற்காப்பால். 2020இல் லேக்கர்ஸோடு என்பிஏ பட்டம். 2025இல் மறுபடி ஒன்று, இம்முறை அதே ஓக்லஹோமா சிட்டிக்காக. டங்கன் ராபின்சன் கதையும் இப்படித்தான். 2018இல் மயாமியின் டூ-வேயில், அதன் துணை அணி உள்ள சூ ஃபால்ஸ் ஊரில் ஆடியவர். கையில் இருந்த சரக்கு தொலைவிலிருந்து எறிவது ஒன்றுதான், அதைக் குறையில்லாமல் செய்தார். 2021இல் அவர் போட்ட ஐந்தாண்டு ஒப்பந்தம் 9 கோடி டாலர்.

இன்னொன்றும் உண்டு. டிசம்பரில் எல்லா ஜி லீக் அணிகளும் ஒரே ஊரில் கூடி ஆடும் வின்டர் ஷோகேஸ் நடக்கிறது; 2023லும் 2024லும் ஆர்லாண்டோவில் நடந்தது. என்பிஏ அணிகள் அத்தனையின் ஆட்களும் அங்கே வந்து பார்ப்பார்கள். ஜனவரி 5க்குப் பிறகு யாரைக் கூப்பிடலாம் என்ற பட்டியல் அங்கேதான் பெரும்பாலும் மனதில் எழுதப்படுகிறது.

ஏன் வெளிநாடு போகவில்லை?

பலர் போகிறார்கள். சீனா, துருக்கி, ஸ்பெயின், ஆஸ்திரேலியா என்று எங்கும் ஜி லீக்கைவிடக் கூடுதல் சம்பளம் தரும் அணிகள் இருக்கின்றன. ஆனால் இஸ்தான்புல்லில் ஆடுபவரை நாளைக் காலை மெம்ஃபிஸுக்கு வரவழைக்க முடியாது. அங்குள்ள அணியின் ஒப்பந்தம் இருக்கிறது, விடுவிக்கப் பணம் கேட்பார்கள். ஜி லீக்கில் இருப்பவர் அன்று மாலையே விமானம் ஏறலாம். குறைந்த சம்பளத்தை ஏற்றுக்கொண்டு அவர் வாங்கிக்கொள்வது அந்த அருகாமையை. 22 வயதில் அது நியாயமான பேரம். குழந்தைகள் பிறந்து 30 தாண்டிய பிறகும் அதே பேரத்தைத் தொடர்வதற்கு வீட்டில் எல்லோருக்கும் நெஞ்சுரம் வேண்டும்.

ஆண்ட்ரே இங்ரம்

அப்படித் தொடர்ந்தவர் ஒருவர். அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்து, 2007இல் இந்த லீக்கின் யூட்டா ஃபிளாஷ் அணியில் சேர்ந்தவர் ஆண்ட்ரே இங்ரம். பிறகு லேக்கர்ஸின் துணை அணி. பத்து சீசன், 384 ஆட்டம், ஓர் அழைப்பும் இல்லை. சம்பளம் போதாததால் மாணவர்களுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தார். தொலைவிலிருந்து எறிவதில் அந்த லீக்கின் வரலாற்றிலேயே முதலிடத்தில் இருந்தார்.

2018 ஏப்ரலில், சீசனில் இரண்டே ஆட்டம் மிச்சம் இருந்தபோது, லேக்கர்ஸ் அவரை அழைத்தது. அப்போது அவருக்கு 32 வயது, தலையில் நரை. ஏப்ரல் 10 அன்று ஹூஸ்டனுக்கு எதிராக இறங்கினார். ஐந்து முறை மூன்று புள்ளிக்கு எறிந்து நான்கைப் போட்டார், மொத்தம் 19 புள்ளி. லேக்கர்ஸ் தோற்றுப்போன அந்த ஆட்டத்தில் அரங்கம் முழுக்க "எம்விபி, எம்விபி", அதாவது மிகச் சிறந்த வீரர், என்று அவருக்காகக் கத்தியது. இரண்டு ஆட்டத்துக்கும் சேர்த்து அவருக்குக் கிடைத்தது சுமார் 13,800 டாலர்.

2019 மார்ச்சில் லேக்கர்ஸ் மறுபடி கூப்பிட்டது. இந்தத் தடவை பத்து நாள் ஒப்பந்தம். நான்கு ஆட்டம் ஆடினார். அது முடிந்ததும் சவுத் பே அணிக்குத் திரும்பினார்.